மூச்சுவிட நேரம்

பள்ளியிலிருந்து கடிதம் வந்தது:
இந்தப் பருவம் முதல் மூன்றாம் வகுப்பில்
காலை மணி அடித்ததும் நான்கு நிமிடம்
யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள்.
பெற்றோர் ஒப்பம் தேவை.

நின்றுகொண்டே படித்துச் சிரித்தேன்.
நண்டு ஆலையில் நான்கு நிமிடமென்றால்
ஆறு நண்டுகளின் கால்கள் என் கையில் முறிந்திருக்கும்.
ஏழாம் வாய்பாட்டில் இடறுகிற பிள்ளைக்கு
சும்மா இருக்கவா ஒரு பாடவேளை?
"சும்மா இரு, லௌதாரோ" என்று
நாளுக்குப் பத்து முறை நான் கத்துவதைத்தான்
அங்கே மெல்லச் சொல்லித் தருகிறார்களாம்.

ஒப்பமிட்டேன்.
மறுத்தெழுத எனக்கு
மூச்சுவிடவும் நேரமில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:
"இதனால் கணக்கு வருமா?"
ஆசிரியை ஓர்தென்சியா யோசித்தார்.
"வரலாம். முதலில் பிள்ளைகள் வகுப்புக்கு வரட்டும்."
"தினமும் வருகிறார்களே?"
"உடம்பு வருகிறது" என்றார்,
அடுத்த தாளைப் புரட்டியபடி.

என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
எட்டு வயது. அவனைவிட அவன் கைக்கு வேகம் அதிகம்.
கோபம் வந்ததை அவன் அறிவதற்குள்
இன்னொரு பிள்ளையின் உதடு வீங்கியிருக்கும்.
பிறகு தன் முட்டியைத் தானே பார்ப்பான்,
வேறு யாரோ அங்கே விட்டுப்போன பொருளைப் போல.

முதல் வாரம் கேட்டேன்: என்ன செய்தீர்கள்?
"உலர்திராட்சை ஒன்றை நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருந்தோம்.
பென்ஹமின் விழுங்கிட்டான். இன்னொன்று கேட்டான்."
இரண்டாம் வாரம்: "தூங்கிட்டேன்."
மூன்றாம் வாரம்: "காற்றைக் கேட்டோம்."

புன்டா அரீனஸில் காற்றைக் கேட்க
யாரும் பள்ளிக்குப் போக வேண்டியதில்லை.
நீரிணையிலிருந்து ஏறி வந்து
குப்பைத் தொட்டியை மூன்று தெரு உருட்டிப் போகும்.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள
சதுக்கத்தின் மூலையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
அதைத்தான் சொன்னேன். அவன் தலையை ஆட்டி மறுத்தான்:
"ஒரே காற்று இல்லம்மா.
தகரத்தில் ஒன்று. கம்பியில் ஒன்று.
கொடிமரத்தில் இருப்பதற்குப் பல்வலி.
நடுவில் கொஞ்சம் நிற்கும்.
நிற்கிறதை நீ கேட்டதே இல்லை."

அக்டோபரில்,
பால் பெட்டிகளை ஒட்டி அவன் செய்த கப்பலின்மேல்
தங்கை ரயேன் உட்கார்ந்துவிட்டாள்.
கை ஓங்கிவிட்டது. நான் அடுப்பருகே,
எட்டாத தூரத்தில், கரண்டியோடு.
அறை விழும் சத்தத்துக்கு என் பற்கள் இறுகிக் காத்திருந்தன.
விழவில்லை.
கை அந்தரத்திலேயே நின்றது,
வழி கேட்க நிற்பவனைப் போல.
பிறகு மேசைக்கடியில் போய் உட்கார்ந்து
வயிற்றில் உள்ளங்கையை வைத்து
அழுதான்.
அவன் அழுது நான் பார்த்து இரண்டு வருடமாகிறது.
அவனுடைய அழுகையை எல்லாம் இதுவரை
ஊரார் பிள்ளைகள்தான் அழுது தீர்த்தார்கள்.

மறுநாளே மைதானத்தில்
ஒருவனைப் பிடித்துத் தள்ளினான் என்பதையும்
சொல்லிவிடுகிறேன்.
நான்கு நிமிடத்தில் யாரும் புனிதராவதில்லை.
ஆனால் அதை என்னிடம் சொன்னது அவன்தான்,
கடிதம் வருவதற்கு முன்பே.

நேற்று காலை ஆலைப் பேருந்துக்கு ஓடுகிறோம்.
ஒரு கையில் ரயேன், மறு கையில் கயிறு,
வாயில் அவன்மேல் வசை:
பை எங்கே, தொப்பி எங்கே,
உன்னால்தான், எப்போதும் உன்னால்தான்.
லௌதாரோ நின்றான்.
கயிற்றை விடாமல் என்னை ஏறிட்டுப் பார்த்தான்.
"அம்மா, உன் தோள் காதைத் தொடுது."

தொட்டுக்கொண்டுதான் இருந்தது.
எத்தனை வருடமாக என்று தெரியவில்லை.
இறக்கினேன், கனமான பெட்டியை இறக்குவது போல.
பேருந்து மூலை திரும்பிப் போயிற்று
என் ஒரு மணிக் கூலியோடு.

மூவரும் கயிற்றோடு நின்றோம்.
தகரத்தில் ஒன்று.
கம்பியில் ஒன்று.
பிறகு
அவன் விரலை உயர்த்தினான்: இப்போது.

கயிறு மட்டும் கொஞ்ச நேரம்
ஆடிக்கொண்டிருந்தது.